அற்புதச் செய்தி வந்தால் என்ன செய்வது? நம்புகிறவர்களுக்கும் சந்தேகப்படுகிறவர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பெரியம்மா கோல் எடுத்தார். "பிள்ளை, வட்ஸ்அப்பைப் பாத்தனியே? வெள்ளவத்தையில ஒரு வீட்டில அம்மன் படம் அழுகுதாம். பின்னேரம் வா, போய்ப் பாத்திட்டு வருவம்."

அதற்குள் அந்த வீடியோ எனக்கு நாலு குழுக்களில் வந்திருந்தது. மொத்தம் 21 செக்கன். கண்ணாடிச் சட்டம் போட்ட அம்மன் படம், முகத்தில் ஒரு நீர்க்கோடு, பின்னால் யாரோ விம்முகிற சத்தம். மதியத்துக்குள் ஒரு செய்தித்தளமும் போட்டுவிட்டது. தலைப்பு: "கண்ணீர் வடித்த அம்மன்: பக்தர்கள் பரவசம்".

நான் கோயிலுக்குப் போகிறவள். வெள்ளியில் மயூரபதி அம்மன், செவ்வாயில் முடிந்தால் கொச்சிக்கடை அந்தோனியார். கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழர் பலருக்கு இது புதினமான பழக்கம் அல்ல. அதேநேரம் பத்துப் பன்னிரண்டு வருஷமாக இப்படியான செய்திகளை ஒரு கொப்பியில் குறித்து, முடிந்தவற்றைத் தேடிப் பார்த்தும் வருகிறேன். இரண்டுக்கும் இடையில் எனக்கு முரண்பாடு தெரியவில்லை. சாமி பெயரால் ஒரு பொய் பரவினால், சாமியைக் கும்பிடாதவருக்கு அதனால் பெரிய நட்டம் இல்லை. ஏமாறுகிறவர்கள் கும்பிடுகிறவர்கள்தான். ஆகவே விசாரிக்கும் பொறுப்பும் எங்களுக்குத்தான் அதிகம் என்று நினைக்கிறேன். நான் கற்றுக்கொண்ட முறையைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: பகிர்வதை ஒரு நாள் தள்ளிவையுங்கள்

இது சின்ன விஷயம், ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமானது. உண்மையான அற்புதம் என்றால் நாளைக்கும் அது உண்மையாகத்தான் இருக்கும். வட்ஸ்அப்பில் ஒரு செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்று அர்த்தம். அனுப்பியவருக்கு மூலம் தெரிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஒரு நாள் பொறுப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த நாட்டிலேயே கசப்பான சான்று இருக்கிறது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், உணவில் கருத்தடை மாத்திரை கலந்ததாக வீடியோ பரவியது. அன்றிரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர் சொன்னது. அது அற்புதச் செய்தி அல்லதான். ஆனால் பரவிய விதம் ஒன்றே: ஒரு வீடியோ, ஒரு பதற்றம், விசாரிக்க நேரமில்லை. ஆய்வுகூட அறிக்கை வருவதற்கு நாட்கள் ஆகும், கூட்டம் சேர ஒரு மணித்தியாலம் போதும்.

இரண்டாம் படி: செய்தியை மூன்று துண்டாக உடையுங்கள்

ஒரு தாளை எடுங்கள். மூன்று வரி எழுதுங்கள். கண்ணால் கண்டது என்ன? அதற்குச் சொல்லப்படுகிற காரணம் என்ன? அதற்குக் கொடுக்கப்படுகிற அர்த்தம் என்ன?

எங்கள் வெள்ளவத்தை வீட்டை எடுத்தால் இப்படி வரும். கண்டது: படத்தில் முகத்தின் மேல் ஒரு நீர்க்கோடு. காரணம்: அம்மன் அழுகிறாள். அர்த்தம்: நாட்டுக்கு ஏதோ வரப் போகிறது. முதல் வரியைப் பெரும்பாலும் யாரும் மறுக்க மாட்டார்கள். சண்டை எல்லாம் இரண்டாவது வரியில். ஆனால் மக்கள் உண்மையில் பற்றிக்கொண்டிருப்பது மூன்றாவது வரியை. சந்தேகப்படுகிறவர்கள் இரண்டாவதை உடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். நம்புகிறவர்களோ மூன்றாவதைக் காப்பாற்றுவதற்காக இரண்டாவதை விடமாட்டேன் என்கிறார்கள். பிரித்து எழுதினால், ஒன்று போனாலும் மற்றது போகவேண்டியதில்லை என்பது இரு பக்கத்துக்கும் தெரியவரும்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி தேவாலயத்தில் குண்டு வெடித்தபின், இரத்தம் தெறித்த இயேசு சொரூபத்தின் படம் உலகம் முழுக்கப் போனது. அந்தச் சொரூபத்தில் எந்த அதிசயமும் நடக்கவில்லை. அது மனித இரத்தம், கும்பிட வந்தவர்களின் இரத்தம். ஆனாலும் அதன் முன்னால் நின்றவர்களுக்கு அது சொன்ன அர்த்தத்தைவிடக் கனமான ஒன்றை நான் எந்த அற்புதச் செய்தியிலும் பார்த்ததில்லை. காரணம் இயற்கையானது என்று தெரிந்ததால் அந்த அர்த்தம் இம்மியும் குறையவில்லை.

கொச்சிக்கடைக் கோயிலின் தொடக்கக் கதையும் இப்படித்தான். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், வியாபாரி வேடத்தில் வந்த அந்தோனியோ என்ற குருவானவரிடம் மீனவர்கள், கடல் கரையை அரிக்கிறது, காப்பாற்றுங்கள் என்று கேட்டார்களாம். அவர் சிலுவை நட்டு மூன்று நாள் மன்றாடினார், கடல் பின்வாங்கி மணல்திட்டு எழும்பியது என்கிறது மரபு. கடல் அரிப்பதும் மணல் சேர்வதும் கரையோரத்தில் நடக்கிற சங்கதிகள். அன்று அங்கே நடந்ததை இன்றைக்கு யாரும் அளந்து சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோயிலுக்குச் செவ்வாய்தோறும் இந்துவும் பௌத்தரும் முஸ்லிமும் போவதற்கு அந்த அளவெடுப்பு தேவைப்படவில்லை.

மூன்றாம் படி: "ஆம்" எங்கே விழுந்தது என்று பாருங்கள்

தமிழில் ஒரு அருமையான வசதி இருக்கிறது. நாம் காணாததைச் சொல்லும்போது வினையின் வாலில் ஒரு "ஆம்" போடுவோம். "அழுகுதாம்", "வந்தாராம்", "குணமாகிட்டுதாம்". நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன் என்பதை இரண்டு எழுத்தில் சொல்லிவிடும். பெரியம்மா காலையில் சொன்னது "அழுகுதாம்". மதியம் வந்த தலைப்பில் "கண்ணீர் வடித்த அம்மன்". ஆறு மணித்தியாலத்துக்குள் அந்த "ஆம்" உதிர்ந்துபோனது. புதிதாக யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. வால் மட்டும் போனது.

ஆகவே ஒரு செய்தியைக் கையில் எடுத்தால் அந்த "ஆம்" விழுந்த இடத்தைப் பின்னோக்கித் தேடுங்கள். செய்தியில் பெயரோடு சாட்சி இருக்கிறாரா? நிருபர் நேரில் போனாரா, அல்லது பேஸ்புக் வீடியோவைப் பார்த்து எழுதினாரா? "பக்தர்கள் தெரிவிக்கின்றனர்", "என நம்பப்படுகிறது" போன்ற சொற்கள் செய்தியின் உள்ளே இருந்தும் தலைப்பில் இல்லையா? தலைப்பில் உறுதியாகவும் ஏழாவது வரியில் தயக்கமாகவும் இருந்தால், ஏழாவது வரியைத்தான் நம்ப வேண்டும்.

படமும் வீடியோவும் பழையவையா என்று பார்ப்பது இப்போது இலேசு. வீடியோவை நிறுத்தி ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால், அதே காட்சி முன்னர் வேறு ஊரில் வந்திருந்தால் பெரும்பாலும் பிடிபடும். வட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் எடுத்த திகதி, இடம் போன்ற உள்விபரங்கள் அழிந்துபோயிருக்கும். அதனால் அந்தப் படத்தை வைத்து மட்டும் எதையும் நிரூபிக்க முடியாது. முதன்முதலாகப் பதிவேற்றியவரைத் தேட வேண்டும். பேச்சின் சாயலையும் கவனியுங்கள். கொழும்பில் நடந்ததாகச் சொல்கிற வீடியோவின் பின்னணியில் மதுரைத் தமிழோ தெலுங்கோ கேட்டால் அங்கேயே நின்றுவிடலாம். இப்போது செயற்கை நுண்ணறிவால் செய்த வீடியோக்களும் வருகின்றன. அவற்றை வெறும் கண்ணால் பிடிப்பது வரவர கஷ்டமாகிறது. ஆகவே "போலி மாதிரித் தெரியவில்லை" என்பதை ஒரு சான்றாக நான் எடுப்பதில்லை. அந்த இடத்துக்குப் போன ஒரு மனிதரோடு கதைத்தால்தான் எனக்குத் திருப்தி.

நான்காம் படி: முடிந்தால் நேரில் போங்கள், அடக்கமாகப் போங்கள்

பெரியம்மாவோடு போனேன். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம். வாசலில் அறுபது எழுபது சோடி செருப்பு. கையில் ஒரு டோர்ச், கொஞ்சம் டிஷ்யூ, மணிக்கூடு. இவ்வளவுதான் தேவை. முதலில் கும்பிட்டேன். பிறகு வீட்டுக்கார அன்ரியிடம் கேட்டேன்: "அன்ரி, நான் கிட்டப்போய்ப் பாக்கலாமே? தொடுறதெண்டா உங்களிட்டக் கேட்டிட்டுத்தான் தொடுவன்." இந்த அனுமதி கேட்காமல் எதையும் தொடாதீர்கள். அது அவர்களுடைய சுவாமி அறை.

கேட்க வேண்டிய கேள்விகள் எளிமையானவை. முதலில் கண்டது யார், எத்தனை மணிக்கு? அதற்கு முதல் நாள் வீட்டில் என்ன நடந்தது? மழை பெய்ததா, யாராவது அபிஷேகம் செய்தார்களா, பெயின்ற் அடித்தார்களா? நீர் தொடர்ந்து வருகிறதா, விட்டு விட்டா? பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். "அப்ப சுவர் ஈரமாயிருந்திச்சோ?" என்று நீங்களே பதிலை வாயில் வைத்தால் அவர்களும் தலையாட்டுவார்கள், உங்களுக்கும் அது தெரியாமல் போகும்.

அன்ரி சம்மதித்தபின் டிஷ்யூவால் நீர்க்கோட்டை ஒற்றினேன். டிஷ்யூ நனையவில்லை. நீர் கண்ணாடிக்கு உள்ளே இருந்தது. அப்புறம் டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தபோது கோடு கண்ணில் தொடங்கவில்லை என்று தெரிந்தது. படத்தின் மேல் விளிம்பிலிருந்தே இறங்கியது. கிரீடத்தின் தங்கநிறத்தில் அது தெரியாது, முகத்துக்கு வந்ததும்தான் தெரியும். படத்தைக் கழற்றியபோது பின்பலகை ஊறியிருந்தது. சுவர் கொப்பளித்திருந்தது. மேல்வீட்டுக் குழாய் ஒன்று அந்தச் சுவருக்குள்ளால் வருகிறது.

சில வழமையான காரணங்களைத் தெரிந்து வைத்திருந்தால் எங்கே பார்ப்பது என்று புரியும். கொழும்புக் காற்றில் ஈரம் அதிகம். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த போத்தல் வியர்ப்பது போல, ஏசி ஓடுகிற அறையில் குளிர்ந்த கல்லும் உலோகமும் கதவு திறந்ததும் வியர்க்கும். 2012 மார்ச்சில் மும்பை வில்லே பார்லே பகுதியில் வேளாங்கண்ணி மாதா ஆலயத்துச் சிலுவையிலிருந்து நீர் சொட்டியது. அதைப் புனித நீராகச் சேர்த்தார்கள். பகுத்தறிவாளர் சனல் எடமருகு போய்ப் பார்த்து, பக்கத்துக் கழிவறையின் வடிகால் அடைபட்டதால் சுவர்வழியாக ஏறிய நீர் அது என்று காட்டினார். மண்ணெண்ணெய் விளக்குத் திரியில் எண்ணெய் மேலேறுவது போன்ற ஏற்றம்தான். உண்மையைச் சொன்னதற்கு அவர்மேல் மத உணர்வைப் புண்படுத்தியதாக வழக்கு வந்தது. அந்த வருஷமே அவர் பின்லாந்துக்குப் போய்விட்டார். அந்தச் செய்தி என்னை இன்னமும் நோகடிக்கிறது. அந்தத் தண்ணீரைப் பக்தர்கள் குடிக்காமல் தடுக்க நினைத்தவர் அவர்.

பிள்ளையார் பால் குடித்தது 1995 செப்டெம்பர் 21. டெல்லியில் விடியற்காலையில் தொடங்கி, ஒரே நாளில் உலகம் முழுக்க இந்துக்கள் இருக்கிற இடமெல்லாம் பரவியது. எங்கள் வீட்டிலும் அம்மா சின்ன வெண்கலப் பிள்ளையாருக்குக் கரண்டியில் பால் பிடித்தார். பால் குறைந்ததை நானும் கண்டேன், அந்தப் பரவசம் இப்போதும் நினைவிருக்கிறது. இந்திய அரசின் அறிவியலாளர்கள் பாலில் சாயம் கலந்து பிடித்துக் காட்டினார்கள். நிரம்பிய கரண்டியின் விளிம்பு தும்பிக்கையில் பட்டதும் பாலின் மேற்பரப்பு இழுவிசை அதை இழுக்கிறது, பிறகு மெல்லிய படலமாகச் சிலையின் உடல்வழியே வழிகிறது. வெள்ளைக் கல்லில் வெள்ளைப் பால் கண்ணுக்குத் தெரியாது, சாயம் கலந்தால் தெரியும். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். பாலில் கொஞ்சம் பீட்ரூட் சாறு விட்டால் போதும்.

நிறம் மாறுவதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர்கள் உண்டு. ஆலாத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாவது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதே இரசாயனம் ஒரு சாமியாரின் கையில் "இரத்தம்" ஆகிவிடுகிறது. கத்தியில் செம்பரத்தம்பூவைத் தேய்த்துக் காயவைத்து தேசிக்காயை வெட்டினால், புளிப்புப் பட்டுச் சிவப்பாக வடியும். செய்வினை எடுப்பதாகச் சொல்லி வீட்டுக்கு வந்து தேசிக்காய் வெட்டுகிறவர் இருந்தால், கத்தியை உங்கள் குசினியிலிருந்து கொடுங்கள்.

வானத்திலிருந்து வருவனவும் உண்டு. 2012 நவம்பரில் மொனராகலை, பொலன்னறுவைப் பகுதிகளில் சிவப்பு மழை பெய்தது. கேரளத்தில் 2001இலும் அப்படித்தான். இங்கே டிரக்கெலோமோனஸ் என்ற பாசியும் அங்கே டிரெண்டிபோலியா என்ற பாசியின் வித்துகளும் நீரில் இருந்தன. நடந்தது உண்மை, மழை சிவப்புத்தான். பார்த்தவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை.

கண் செய்கிற வேலையும் இருக்கிறது. 1985இல் அயர்லாந்தின் பாலின்ஸ்பிட்டில் என்ற ஊரில் மாதா சொரூபம் அசைகிறது என்று ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். இருட்டில் தனியாக நிற்கிற ஒரு வெளிச்சத்தை அசையாமல் உற்றுப் பார்த்தால், அதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேறு அடையாளம் இல்லாததால் அது நகர்வது போலவே எவருக்கும் தெரியும். நேர்மையான நூறு சாட்சிகள் ஒரே தவறைக் காணமுடியும் என்பதை எனக்குப் புரியவைத்தது அந்தச் சம்பவம்.

தீமிதிப்புப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். உடற்றொழிலியல் பேராசிரியர் கார்லோ பொன்சேகா 1970களின் தொடக்கத்திலேயே இதை இலங்கையில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மரக்கரி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும், பாதம் ஒரு இடத்தில் படுவது ஒரு செக்கனுக்கும் குறைவு, செருப்பில்லாமல் நடந்து தடித்த பாதத் தோல் இன்னும் தாங்கும். இதைத் தெரிந்துகொண்டபின்னும் உடப்பு திரௌபதி அம்மன் கோயில் தீமிதிப்பில் நின்றபோது என் உடம்பு சிலிர்த்தது. நாள்கணக்காக விரதமிருந்து அந்தக் குழியின் முன் வந்து நிற்கிற மனத்துணிவைக் கரியின் வெப்பக்கடத்தல் விளக்காது, விளக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் "எங்கள் கடவுள் மட்டும்தான் சுடாமல் காக்கிறார்" என்று யாராவது சொன்னால், அந்த வாக்கியம் பிழை.

ஐந்தாம் படி: எண்ணிப் பாருங்கள்

இதைத்தான் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர், காளியம்மன் சொல்லித்தந்தது என்று கொவிட்டுக்கு ஒரு பாணி மருந்து விற்றார். தேனும் சாதிக்காயும் சேர்ந்தது. ஊரடங்கும் இடைவெளியும் பேசப்பட்ட காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் முண்டியடித்தார்கள். அன்றைய சுகாதார அமைச்சரே அதைப் பகிரங்கமாகக் குடித்தார், 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது. "குடிச்சவை எல்லாருக்கும் சுகமாப்போச்சு" என்று எனக்குச் சொன்னவர்கள் பலர். அவர்கள் சொன்னதும் பொய்யல்ல. கொவிட் வந்த பெரும்பாலானோருக்கு, எதுவும் குடிக்காமலே சுகம் வந்தது. குடித்துச் சுகமானவர் எத்தனை பேர் என்பது பாதிக் கேள்விதான். குடித்தும் சுகமாகாதவர், குடிக்காமலே சுகமானவர் எத்தனை பேர் என்ற மீதிப் பாதியைக் கேட்டால்தான் ஏதாவது தெரியும்.

தற்செயலும் இப்படித்தான். பத்து இலட்சத்தில் ஒருவருக்கு ஒரு நாளில் நடக்கக்கூடிய அபூர்வம் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். இலங்கையின் சனத்தொகை சுமார் 2 கோடி 17 இலட்சம். அப்படியென்றால் ஒவ்வொரு நாளும் இருபது பேருக்குமேல் அது நடக்கும். அந்த இருபது பேரிடமும் போன் இருக்கிறது. செத்துப்போன அப்பா கனவில் வந்த மறுநாள் வேலை கிடைத்தவரின் கதை நமக்கு வரும். கனவு வந்தும் ஒன்றும் நடக்காதவர் யாரிடமும் சொல்ல மாட்டார்.

ஆறாம் படி: காசும் உடம்பும் உள்ளே வந்தால் நிறுத்துங்கள்

இங்கே மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு அற்புதம் உங்களிடம் காணிக்கைக்கு மேலாகக் காசு கேட்டால், மாத்திரையை நிறுத்தச் சொன்னால், வீட்டாரிடம் சொல்லாதே என்றால், அது என்ன மதமாக இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர் மூன்று மாதம் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு மட்டும் போனதை என் சொந்தத்தில் கண்டேன். பிரார்த்தியுங்கள், நேர்த்தி வையுங்கள், கிளினிக் திகதியையும் தவறவிடாதீர்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு நூல் கட்டுங்கள். 2006 ஓகஸ்டில் மும்பை மாஹிம் கடல்நீர் இனிக்கிறது என்று மக்கள் குழந்தைகளுக்கும் குடிக்கக் கொடுத்தார்கள். மழைக்கால ஆற்றுநீர் வந்து கலந்ததால் உப்புக் குறைந்திருந்தது. அதே ஆறு தொழிற்சாலைக் கழிவையும் கொண்டுவருகிற ஆறு.

ஏழாம் படி: தராசு ஒன்றாக இருக்கட்டும்

அம்மன் படம் அழுதால் அற்புதம், பக்கத்துத் தேவாலயத்தில் மாதா அழுதால் மோசடி என்றால் நாம் எதையும் ஆராயவில்லை. புத்தர் சிலையில் ஒளி, வெட்டிய கத்தரிக்காயில் அரபு எழுத்து, வாழைமரத்தில் பிள்ளையார் முகம், எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விகள். நான் எப்போதும் என் பக்கத்திலிருந்துதான் தொடங்குவேன். மற்றவரின் சாமியைச் சோதிக்க எனக்கு அப்போதுதான் வாய் வரும்.

சமயங்களுக்கு உள்ளேயே இந்தக் கண்டிப்பு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பிரான்சின் லூர்து மாதா திருத்தலத்தில் 7,000க்கும் மேற்பட்ட குணமாதல்கள் பதிவாகியிருக்கின்றன. மருத்துவர்கள் பல வருஷம் ஆராய்ந்து, திருச்சபை அற்புதம் என்று ஏற்றவை எழுபது சொச்சம்தான். 2024 மே மாதம் வத்திக்கான் வெளியிட்ட புதிய விதிகளின்படி, ஒரு காட்சியோ கண்ணீரோ இயற்கைக்கு அப்பாற்பட்டது என்று ஆயர் சாதாரணமாக அறிவிக்கவே மாட்டார். பக்திக்குத் தடையில்லை என்பதுதான் கிடைக்கக்கூடிய அதிகபட்ச முடிவு. 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் ஜோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தபோது, வழக்கமாகக் கேட்கப்படுகிற இரண்டாவது அற்புதத்தைப் பாப்பரசர் பிரான்சிஸ் கேட்கவில்லை. கண்டியில் அவர் நோயாளிகளோடு வாழ்ந்த வாழ்வே போதும் என்று எனக்கு அன்று தோன்றியது.

மறுபக்கத்துக்கும் கொழும்பில் ஒரு முன்மாதிரி இருந்தார். ஆபிரகாம் கோவூர், கேரளத்தில் பிறந்து, யாழ் மத்திய கல்லூரியிலும் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியிலும் தாவரவியல் படிப்பித்தவர், வெள்ளவத்தை பாமன்கடையில் வாழ்ந்தவர். ஏமாற்ற முடியாத நிபந்தனைகளில் அற்புத சக்தியைக் காட்டுகிறவருக்கு ஒரு இலட்சம் ரூபா என்று 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை யாரும் அதை வாங்கவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பந்தயத்தை அல்ல. பேய்வீடு என்றால் அந்த வீட்டுக்குப் போவார், இரவில் அங்கே இருப்பார், வீட்டாரோடு கதைப்பார். வீட்டில் இருந்தபடியே "கப்பில்லரி" (திரியில் எண்ணெய் ஏறுவது போன்ற அந்த ஏற்றம்) என்று ஒரு சொல்லை எறிந்துவிட்டுப் போகிற இன்றைய சந்தேகக்காரர்கள் பலர் நம்புகிறவரைப் போலத்தான் பார்க்காமல் நம்புகிறார்கள். எங்கள் அம்மன் படத்தைப் பற்றி பேஸ்புக்கில் "ஏசி ஈரம்" என்று அடித்துச் சொன்ன ஒருவர் இருந்தார். அந்த வீட்டில் ஏசியே இல்லை.

எட்டாம் படி: கண்டதை யாரிடம் முதலில் சொல்வது

வீட்டாரிடம். தனியாக, இருந்து கதைத்து. கூட்டத்துக்கு முன்னால் படத்தைத் தூக்கிக் காட்டினால் அந்தக் குடும்பம் தெருவில் தலைநிமிர முடியாது. நான் அன்ரியைக் குசினிக்குக் கூப்பிட்டு, டோர்ச் வெளிச்சத்தில் கண்டதைச் சொன்னேன். அடுத்த கிழமை அவருடைய கணவருக்கு ஒப்பரேஷன். அம்மன் தனக்காக அழுகிறாள் என்று நினைத்திருந்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "சுவரால வந்த தண்ணி, விளங்குது பிள்ளை. ஆனா மூண்டு மாசமா நான் இந்தப் படத்தை நிமிர்ந்தே பாக்கேல்ல. இண்டைக்குத்தான் பாத்தனான்." நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. குழாய் திருத்துகிறவரின் நம்பரைக் கொடுத்தேன். வாசலில் கூடியிருந்தவர்களுக்கு அன்ரியே போய்ச் சொன்னார்.

வீட்டில் பெரியவர்களோடு இதைக் கதைக்கும்போது தொடக்க வாக்கியம் முக்கியம். "பொய்யை ஏன் அனுப்புறியள்?" என்றால் கதை முடிந்தது. "பெரியம்மா, இது எந்தக் கோயில் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ, போய்ப் பாப்பம்" என்றால் அவரே விசாரிக்கத் தொடங்குவார். எங்கள் பெரியம்மா இப்போது எனக்கு முன்பே செய்தியின் திகதியைக் கேட்கிறார்.

பொதுவெளியில் எழுதுகிறவர்கள் சொற்களைப் பார்த்து எழுத வேண்டும். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டம் (சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம்) மதப் பகைமையைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. அதைக் கொண்டு எழுத்தாளர்களும் கைதாகியிருக்கிறார்கள். "இந்தப் படத்தில் இருந்தது குழாய்த் தண்ணீர்" என்று எழுதுங்கள். "இவர்கள் மதமே இப்படித்தான்" என்று எழுதாதீர்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. இரண்டாவது வாக்கியத்தை நீங்கள் ஆராய்ந்து பார்க்கவில்லை.

ஒன்பதாம் படி: கொப்பி வைத்திருங்கள்

பத்திரிகைகள் அற்புதத்தைப் பெரிதாகப் போடும், ஆய்வு முடிவை ஒருநாளும் பெரிதாகப் போடாது. ஆகவே நீங்களே எழுதி வைக்க வேண்டும். திகதி, இடம், முதலில் சொன்னவர், நீங்கள் கண்டது, ஒரு மாதம் கழித்து என்ன ஆனது. கடைசி நிரலில் மூன்று சொல்லில் ஒன்று: விளங்கியது, பொய், தெரியாது. மூன்றாவதை எழுதத் தயங்காதீர்கள். தெரியாது என்றால் தெரியாதுதான். அற்புதம் என்று ஆகிவிடாது, மோசடி என்றும் ஆகிவிடாது.

என் கொப்பியில் அப்படி ஒரு பக்கம் இருக்கிறது. சிநேகிதியின் அம்மா, கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். சில கிழமைகள்தான் என்று வைத்தியர்கள் சொன்னார்கள், நான்கு வருஷம் கடந்துவிட்டது. அறிக்கைகளை நானே பார்த்தேன். பார்த்த வைத்தியரும் காரணம் தெரியாது என்றுதான் சொன்னார். அவர்கள் செவ்வாய்தோறும் கொச்சிக்கடைக்குப் போகிறார்கள், நானும் இரண்டு தடவை கூடப் போயிருக்கிறேன். கடைசி நிரலில் "தெரியாது" என்று எழுதி, திகதி போட்டு, அடுத்த ஸ்கேன் முடிவுக்காகக் கீழே மூன்று வரி இடம் விட்டிருக்கிறேன்.